செஞ்சிக் கோட்டை எங்கே முடிகிறது?

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்து, செஞ்சி ஊரைத் தாண்டிய சில நிமிடங்களில் ஒரு கோட்டைக்குள் நுழைந்து வெளியேறுகிறது. வலப்பக்கம் கிருஷ்ணகிரி, இடப்பக்கம் ராஜகிரி. இரண்டுக்கும் நடுவே பழைய மதிலை ஊடறுத்துக்கொண்டு போகிறது சாலை. ஜன்னலோரம் இருப்பவர்கள் உச்சியில் தெரியும் மண்டபத்தைச் சுட்டி, “அதோ தேசிங்கு ராஜா கோட்டை” என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் தாங்களே கோட்டைக்குள் இருக்கிறோம் என்பது பேருந்தின் வேகத்தில் யாருக்கும் உறைப்பதில்லை. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்குப் போகும் பெருங்கூட்டம் இந்த மலைகளுக்கு நடுவேதான் போய் வருகிறது.

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, ‘மராத்திய ராணுவ நிலவெளிகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. ராய்கட், பிரதாப்கட், சிந்துதுர்க் என்று 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது செஞ்சி. மாமல்லபுரம், சோழர் பெருங்கோயில்கள், நீலகிரி மலை ரயில் என்ற வரிசையில் விழுப்புரம் மாவட்டத்து ஊர் ஒன்று வந்து நின்றிருக்கிறது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் இந்தப் பட்டம் செஞ்சியை எந்த அளவுக்குச் சுருக்கிக் காட்டப்போகிறது, எந்த அளவுக்கு விரித்துக் காட்டப்போகிறது என்பது இனிமேல் நாம் செய்வதைப் பொறுத்தது. சுருக்கிவிடுவது எளிது. நுழைவுச்சீட்டு, ராஜகிரி உச்சி, ஒரு படம், திரும்பும் பேருந்து என்று ஏற்கெனவே அது பாதி சுருங்கித்தான் கிடக்கிறது.

முதலில் அந்த ‘மராத்திய’ என்ற சொல்லைப் பற்றி. தமிழ்நாட்டில் சிலருக்கு அது உறுத்துகிறது. கோன்களும் நாயக்கர்களும் எழுப்பிய கோட்டைக்கு வேறொருவர் பெயரா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மராத்தியப் பகுதி இட்டுக்கட்டியது அல்ல. 1677இல் தெற்கு நோக்கி வந்த சிவாஜி, பீஜப்பூர் சுல்தானியத்திடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றி அதன் அரண்களைப் பலப்படுத்தினார். 1689இல் அவருடைய மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றபோது, இளைய மகன் ராஜாராம் தப்பி வந்து தஞ்சம் புகுந்த இடமும் இதுதான். மராத்திய அரசின் தலைநகரமே சில ஆண்டுகள் செஞ்சியில் இருந்தது. முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698இல். அதற்குள் ராஜாராம் வேலூர் வழியாக நழுவிப் போய்விட்டார். இந்த ஒரு முற்றுகைக்காகவே செஞ்சி அந்தப் பட்டியலில் இருக்கலாம்.

முற்றுகை தொடங்கிய அதே 1690இல் இன்னொன்றும் நடந்தது. கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையிலான நிலமும் சேர்த்து என்பது ஒப்பந்தம். சுற்றிலும் குண்டு விழுந்த ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ ஆயின. செயின்ட் டேவிட் கோட்டை என்று நாம் படிக்கும் அந்த இடத்துக்கான உரிமை செஞ்சி தர்பாரிலிருந்து போனது. ஆகவே மராத்தியர் கதையைச் செஞ்சியிலிருந்து பிரித்தெடுத்தால், கடலூரின் கதையிலும் ஒரு பக்கம் கிழிந்துவிடும்.

எனக்கு உள்ள கவலை வேறு. ஒரு நூற்றாண்டின் ஒரு பகுதிக்காகக் கிடைத்த பட்டம், மற்ற நூற்றாண்டுகளை ஓரத்துக்குத் தள்ளிவிடக் கூடாது. சுமார் 1200ஆம் ஆண்டையொட்டி ஆனந்தக் கோன் முதல் அரணைக் கட்டினார் என்கிறது மரபு. பிறகு விஜயநகரத்தின் நாயக்கர்கள் அதை ஒரு நகரமாகவே வளர்த்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் முடிவில் இங்கே வந்த யேசு சபைப் பாதிரியார் பிமென்டா, லிஸ்பனைத் தவிர போர்ச்சுகலின் எந்த நகரமும் இதன் அளவுக்கு வராது என்று எழுதிவைத்தார். பின்னர் பீஜப்பூர், மராத்தியர், முகலாயர். 1714இல், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சில நூறு குதிரை வீரர்களோடு எதிர்த்து மாண்டார் தேஜ் சிங். அவர் புந்தேலா ராஜபுத்திரர். அப்போது வயது இருபத்திரண்டு. நமக்கு அவர் தேசிங்கு. 1750இல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் இரவோடு இரவாகப் பிடித்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் வசம் வந்தது. 1780இல் சில காலம் ஹைதர் அலியின் கைக்குப் போனது. அதன்பின் கோட்டைக்குப் போர் இல்லை.

ஒரு வருடம்கூட முழுதாக ஆளாத ஒரு வடநாட்டு இளைஞனை, மூன்று நூற்றாண்டாகத் தன் பாட்டில் வைத்துக் கொண்டாடிவருகிறது இந்த மண். கதைப்பாடலாக, தெருக்கூத்தாக, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படமாக அவன் திரும்பத் திரும்ப வந்திருக்கிறான். கதைப்பாடலில் அவனுக்கு நிகரான இடம் அவனுடைய முஸ்லிம் தோழனுக்கு உண்டு. கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு நண்பனுக்காகப் போருக்கு வந்தவன் அவன். செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோவில்களில் அம்மனின் காவல்காரராக முத்தால ராவுத்தர் நிற்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட முதல் தொகுதியின் துணைத்தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று பாதை போட்டார். பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரிக்கு அந்த வழிபாட்டில் தனி மதிப்பு இருக்கிறது. கோட்டை யாருடையது என்று கேட்டால், அந்த மக்களின் பாட்டும் கூத்தும் என்றோ பதில் சொல்லிவிட்டன.

இனி, கோட்டையின் கல்லுக்கு வருவோம். செஞ்சிக் குன்றுகளைப் பார்க்கிறவர்களுக்கு யாரோ ராட்சசன் பாறைகளைக் கொட்டிவிட்டுப் போனது போலத் தோன்றும். கொட்டியது எதுவும் இல்லை. அவை இருந்த இடத்திலேயே உருவானவை. சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது என்று நிலவியலாளர்கள் கணிக்கும் கருங்கல் திரள், பூமிக்கு அடியிலேயே விரிசல் விட்டது. விரிசல்களில் நீர் இறங்கி முனைகளைக் கரைத்தது. கரைந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போக, கரையாத நடுக்கட்டி உருண்டையாக நின்றது. ஒன்றன்மேல் ஒன்று தொற்றிக்கொண்டு நிற்கும் அந்த உருண்டைகளைத்தான் கோட்டை கட்டியவர்கள் பாதி மதிலாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். இயற்கை விட்ட இடைவெளியை மட்டும் கல் அடுக்கி அடைத்திருக்கிறார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் முக்கோணமாக இணைக்கும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். மதில் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் சொல்ல முடியாது.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்து ஒரு பள்ளம் விழுகிறது. அதன்மேல் ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் நெருங்க முடியாது. பாலத்தைத் தாண்டினால் ரங்கநாதர் கோவில், களஞ்சியம், மணி மண்டபம். மேலிருந்து பார்த்தால் மற்ற இரு குன்றுகளும் அவற்றை இணைக்கும் மதிலும் ஒரே வீச்சில் விளங்கும்.

ஆனால் எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கியது இந்த உயரம் அல்ல. உயரம் எதிரியைத் தடுக்கும், தாகத்தைத் தடுக்காது. செஞ்சியின் மெய்யான சாதனை அதன் தண்ணீர். பாறை இடுக்குகளில் மழைநீரைத் தேக்கும் சுனைகள், அடிவாரத்தில் செட்டிக்குளமும் சக்கரக்குளமும், உள்கோட்டையில் யானைக்குளம் என்று பெய்த நீர் படிப்படியாக இறங்கித் தங்கும்படி ஒரு மலையையே வடிவமைத்திருக்கிறார்கள். நாயக்கர் காலத்துக் கல்யாண மகாலின் மேல் மாடிகள் வரை சுடுமண் குழாய் வழியே நீர் ஏறியிருக்கிறது. இந்தப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சங்கராபரணி, வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரி வரை போய்ச் சேர்கிறது. வடகிழக்குப் பருவமழை இரண்டு மாதத்தில் கொடுப்பதை வைத்து ஆண்டு முழுக்க வாழ்வது எப்படி என்று தெரிந்தவர்கள் கட்டிய கோட்டை இது. அந்த அறிவு இன்றைய விழுப்புரம் மாவட்டத்துக்கு அன்றைவிட அதிகம் தேவைப்படுகிறது. வருகிறவர் கண்ணில் படுவதோ குளத்தில் மிதக்கும் பிளாஸ்டிக் புட்டிதான். ஏன் இந்தக் குளம் இந்த இடத்தில் இருக்கிறது, எந்தச் சரிவின் நீர் இதற்குள் வருகிறது என்று ஒரு வரைபடம் இருந்தால், பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஊர் ஏரியையும் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

நெற்களஞ்சியமும் அப்படியே. தடித்த சுவர்களோடு, வளைந்த கூரையோடு நிற்கும் அந்தக் கட்டடங்களைப் பலர் சிறைச்சாலை என்று நினைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். படைக்கும் குடிகளுக்கும் பல மாதம் சோறு போடும் அளவுக்கு நெல்லைச் சேர்த்துவைத்த இடம் அது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அறுவடைக் காலத்தில் இன்றும் நெல் மூட்டைகள் வந்து குவிகின்றன. களஞ்சியத்துக்கும் மண்டிக்கும் நடுவே உள்ள தூரம் மிகக் குறைவு. இந்தத் தொடர்ச்சியை யாராவது வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். தொல்லியல் துறையின் கணக்கில் கோட்டை தன் பாதுகாக்கப்பட்ட எல்லையோடு முடிகிறது. 1921 முதல் அது பாதுகாக்கப்பட்ட சின்னம். 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், அந்த எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடை செய்கின்றன. அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு விதிக்கின்றன. தனித்து நிற்கும் ஒரு கோவிலுக்கோ மசூதிக்கோ இது போதலாம். செஞ்சிக்குப் போதாது. ராஜகிரி உச்சியிலிருந்து கண் போகும் தூரம் வரை, இதே பாறையாலான குன்றுகள்தான் சுற்றி நிற்கின்றன. காவல்காரன் எதிரியின் தூசியைப் பார்த்தது அந்தத் தூரத்தில்தான். அந்தக் குன்றுகள் ஒவ்வொன்றாக ஜல்லியாகிப் போனால், 300 மீட்டருக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கும். கோட்டைக்குப் பொருள் மட்டும் இருக்காது.

இது கற்பனைப் பயம் இல்லை. பாறை உடைப்பது இந்த மாவட்டத்தில் பெரிய தொழில். சாலை போடவும் வீடு கட்டவும் கல் வேண்டும் என்பது உண்மை, அதில் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. ஆனால் எந்தக் குன்றை உடைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று பிரித்துச் சொல்லும் பட்டியல் வேண்டும். ஏனென்றால் இங்கே குன்றுகள் வெறும் குன்றுகளாக இல்லை.

செஞ்சிக்கு அருகே சிறுகடம்பூரில் திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் இரண்டு வரிசையாக 24 தீர்த்தங்கரர்கள். அங்கேயே, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமணத் துறவியின் நிசீதிகைக் கல்வெட்டு. வட்டெழுத்தின் வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் தவறாமல் வந்து நிற்கும் இடம் அது. கிழக்கே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இயங்குகிறது. விழுப்புரம் சாலையில் போனால் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோவில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்லில் பொறித்துவைத்த குடைவரை அது. மாமல்லபுரத்துக்குப் போகும் லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கலையின் தொடக்கம் இங்கே இருக்கிறது என்று தெரியும்? தளவானூரில் அதே மன்னனின் இன்னொரு குடைவரை. பனைமலையில் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோவில். அதன் சுவரில் குடைக்குக் கீழே நிற்கும் உமையின் ஓவியம், மங்கியும் அழியாமல் இருக்கிறது. சிங்கவரத்தில் குன்றைக் குடைந்த பள்ளிகொண்ட பெருமாள். கீழ்வாலையில் எழுத்துக்கு முந்தைய மனிதர்கள் செங்காவியில் வரைந்த ஓவியங்கள். எல்லாம் ஒரு நாள் பயணத் தூரத்துக்குள்.

உலகில் இப்படி ஒரு வட்டாரம் கையில் கிடைத்தால் அதை எப்படிக் காட்டுவது என்று பல நாடுகள் ஆண்டுக்கணக்கில் திட்டம் போடும். நாம் ராஜகிரிக்கு மட்டும் சீட்டு கிழித்துக் கொடுக்கிறோம். செஞ்சியில் ஓர் இரவாவது தங்கி, மறுநாள் மண்டகப்பட்டுக்கும் பனைமலைக்கும் திருநாதர்குன்றுக்கும் போய்வர ஒரு சிற்றுந்து இருந்தால், பட்டத்தால் வரும் வருமானம் கோட்டை வாசலில் உள்ள நாலு கடைகளோடு நிற்காது. பயணிகள் குறைவாக வந்தாலும் அதிக நேரம் இருப்பார்கள். ஊருக்கு நல்லது அதுதான். திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதை பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. அது வந்தால் இன்னும் நல்லது. வரும்வரை பேருந்து போதும்.

பட்டம் கிடைத்த இடங்களில் அடுத்து வரும் பேச்சு என்ன என்பது நமக்குத் தெரியும். கம்பிவட ஊர்தி, ஒலி ஒளிக் காட்சி, உச்சியில் உணவகம். ராஜகிரிக்கு அப்படி எதுவும் வரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இந்தக் கோட்டையின் கட்டடக்கலை என்பதே அதன் ஏற்றம்தான். ஒரு வாசல், ஒரு திருப்பம், மறுபடி ஒரு வாசல் என்று மூச்சு வாங்க ஏறுகிறவருக்குத்தான், கவசமும் ஆயுதமும் சுமந்து ஏறிய எதிரி எந்த இடத்தில் சோர்ந்திருப்பான் என்பது உடம்பில் தெரியும். ஐந்து நிமிடத்தில் உச்சியில் இறக்கிவிட்டால் அவருக்குக் கிடைப்பது காற்றும் காட்சியும் மட்டும்.

அப்படியானால் முதியவர்கள், நடக்க முடியாதவர்கள்? அவர்களுக்காகத்தான் கீழ்க்கோட்டையைச் செம்மைப்படுத்த வேண்டும் என்கிறேன். கல்யாண மகால், யானைக்குளம், களஞ்சியங்கள், குதிரை லாயங்கள், சாதத்துல்லா கான் மசூதி, ராமாயணக் காட்சிகள் செதுக்கிய வேங்கடரமணர் கோவிலின் கோபுர வாசல் எல்லாமே சமதளத்திலோ அதற்கு அருகிலோ இருக்கின்றன. சக்கர நாற்காலி போகும்படி ஒரு பாதை, நிழலுக்கு மரம், குடிநீர், சுத்தமான கழிப்பறை. இவை இருந்தால் மலை ஏறாமலே ஒரு முழு நாள் பார்க்கலாம். ஏறுகிறவர்களோ பையில் தின்பண்டத்தோடு போகிறார்கள், குரங்குகள் பறிக்கின்றன, உறைகள் சுனையில் விழுகின்றன. அடிவாரத்திலேயே நெகிழிப் பொருள்களை வாங்கி வைத்துவிட்டு, மேலே தண்ணீர் கிடைக்கச் செய்தால் பாதிக் குப்பை குறையும். மழையை நம்பி எட்டு ஆண்டு தாக்குப்பிடித்த மலையில் குடிக்கத் தண்ணீர் வைக்க நம்மால் முடியாதா?

வழிகாட்டிகள் வேண்டும், உள்ளூர்க்காரர்களாக. செஞ்சியிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் கூத்துக் கலைஞர்கள் இருக்கிறார்கள், வரலாறு படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்தால், வாய்க்கு வந்ததைச் சொல்லும் வழக்கம் மாறும். கைதிகளைத் தள்ளிக் கொன்ற கிணறு என்று ஒரு பாறைப் பொந்தைக் காட்டிப் பயமுறுத்துவதைத் தாண்டி, நீர் வந்த வழியைக் காட்டக் கற்றுக்கொள்வார்கள். தேசிங்கு கதையை மாலையில் கீழ்க்கோட்டை வெளியில் முழுதாக ஆடினால், எந்த ஒலி ஒளிக் காட்சியும் அதற்கு ஈடாகாது.

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயர்ந்து நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. அவற்றைத் திருப்பிக் கேட்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. அந்த இடத்துக்கும் இப்போது அவை சொந்தமாகிவிட்டன. ஆனால் அவற்றின் அடியில் இவை செஞ்சிக் கோட்டையின் தூண்கள் என்று தமிழிலும் பிரெஞ்சிலும் தெளிவாக எழுதிவைக்கச் சொல்லலாம். தேவனாம்பட்டினத்திலும் எழுதலாம். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறியதன் நினைவாக நவாப் பெயர் சூட்டியதாகச் சொல்லப்படும் ராணிப்பேட்டையிலும் எழுதலாம். கோட்டை அங்கெல்லாம் போயிருக்கிறது.

பட்டத்தோடு பொறுப்பும் வருகிறது. பாதுகாப்பு எப்படி நடக்கிறது என்று உலகக் குழு அவ்வப்போது கேட்கும். தொல்லியல் துறையும் மாநில அரசின் கனிமவளத் துறையும் சுற்றுலாத் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய நேரம் இது. அந்த மேசையில் முதலில் விரிக்க வேண்டியது செஞ்சி வட்டாரத்தின் குன்றுகளையெல்லாம் குறித்த ஒரு வரைபடம். எந்தக் குன்றில் கல்வெட்டு, எதில் குடைவரை, எதில் ஓவியம், எது ராஜகிரியின் கண்ணெதிரே நிற்பது என்று குறித்து, அவற்றுக்குக் குவாரி உரிமம் கிடையாது என்று அரசாணை போடலாம். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஊர்க்காரர்களும் கல்வெட்டு ஆய்வாளர்களும் பட்டியலில் பாதியை இன்றே வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்கள். அடுத்த உரிமம் ஏலத்துக்கு வருவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.